முத்து தெரியும், முங்கினவனைத் தெரியாது

தூத்துக்குடிக் கடற்கரையைப் பற்றி வந்த நாவல் ஒன்றை நண்பர் ஒருவருக்குப் படிக்கக் கொடுத்தேன். அவர் நல்ல ரசிகர். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர். ஒரு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. "முப்பது பக்கம் வரை முட்டி மோதிப் பார்த்தேன். பேச்சு புரியவில்லை. ஆட்களின் பெயர் மனத்தில் நிற்கவில்லை. இவர்கள் தமிழில் எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

புரியவில்லை என்று சொல்வதில் குற்றம் இல்லை. எனக்கே பல சொற்கள் முதலில் புரியவில்லை. ஆனால், தனக்குப் புரியாததெல்லாம் தமிழ் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல இந்த நண்பருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒளிப்பானேன்?

கொஞ்ச நாளாக இந்தக் கரையைப் பற்றிய நாவல்களை வரிசையாக வைத்துக்கொண்டு படித்தேன். சிலவற்றை முதல் முறையாக, சிலவற்றை மறுபடியும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978), 'கரிப்பு மணிகள்' (1979), ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009). இவற்றில் 'கொற்கை' 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி பரிசும் பெற்றது. பரிசு வந்த பிறகு வாங்கினவர்கள் பலர். படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

என் நண்பருக்கு 'மோகமுள்' மிகவும் பிடிக்கும். அதில் வருகிற கும்பகோணத்துப் பேச்சு அவருக்குத் தேன். ராகங்களின் பெயரெல்லாம் சரளமாக வருகிறதே, சங்கீதம் தெரியாதவனுக்கு அது புரியுமா என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ருஷ்ய நாவல்களில் சமோவாரும் வெர்ஸ்ட்டும் வந்தபோது, அவற்றை விசாரித்துத் தெரிந்துகொண்டார். கியூபாவில் ஒரு கிழவன் ஒற்றைப் படகில் பெரிய மீனோடு போராடிய கதையை ஹெமிங்வே 1952-ல் எழுதினார். அதை என் நண்பர் மூன்று தடவை படித்திருக்கிறார். கியூபாக் கிழவனுக்காகப் பொறுமை காட்டியவர், நம்முடைய மணப்பாட்டுக் கிழவர் வாயைத் திறந்தால் மட்டும் 'தமிழில் பேசு' என்கிறார்!

அப்படியானால் கஷ்டம் சொல்லில் இல்லை. எந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டால் தனக்கு மதிப்பு, எதைக் கற்றுக்கொண்டால் மதிப்பு இல்லை என்ற கணக்கில் இருக்கிறது.

பெயர்களை எடுத்துக்கொள்வோம். பர்னாந்து, மோத்தா, ரோச், வாஸ் என்று வருகிற பெயர்கள் நண்பருக்கு அந்நியமாகத் தோன்றுகின்றன. இந்த முத்துக்குளித்துறையின் பரதவர்கள், தங்கள் கடலையும் தொழிலையும் காத்துக்கொள்ளப் போர்த்துகீசியரின் துணையை நாடி 1530-களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஐந்நூறு வருஷமாக ஒரு ஜனங்கள் வைத்துக்கொண்டிருக்கிற பெயர் இன்னும் எப்போது ஐயா தமிழ்ப் பெயராகும்?

இனிச் சொற்கள். மேற்கிலிருந்து அடிப்பது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. பட்டணத்தில் இருப்பவனுக்கு மூன்றும் காற்றுத்தான். ஜன்னலைத் திறந்தால் வருவது, மூடினால் நிற்பது. பாய் விரித்துப் போகிறவனுக்கு அப்படி இல்லை. எந்தக் காற்று என்று தெரியாதவன் கரை திரும்ப முடியாது. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, 'பலத்த காற்று வீசியது' என்று ஆசிரியர் எழுதியிருந்தால் நண்பருக்குப் புரிந்திருக்கும். ஆனால் புரிந்தது என்ன? வல்லத்தில் இருந்தவனுடைய பயம் புரிந்திருக்குமா?

பிறரைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. எழுத ஆரம்பித்த நாளில் கடற்கரைக் கதை ஒன்று எழுதினேன். பௌர்ணமி இரவு, வெள்ளித் தகடாகக் கடல், வலை வீசப் போகிற வாலிபன், கரையில் காத்திருக்கும் ஒரு பெண். கதை அச்சாயிற்று, பாராட்டும் வந்தது. திரேஸ்புரத்தில் தெரிந்த ஒரு பெரியவரிடம் ஆசையோடு அதைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெலவு வெளிச்சத்துல மீனு வலையப் பாத்துட்டு ஒதுங்கிப் போவாதா? நெறஞ்ச நெலவுல எவன் வலையத் தூக்கிட்டுப் போறான்?" என்றார். நான் எழுதியது கடல் இல்லை, காலண்டர்ப் படம். அதை ரசித்தவர்களும் காலண்டர்ப் படத்தைத்தான் ரசித்தார்கள்.

இந்தப் படம் நம் மனத்தில் மாட்டப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தகழி 1956-ல் எழுதிய 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தது. 1965-ல் சினிமாவும் வந்தது. பெரிய நாவல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் வாசகர் ஒரு சூத்திரம் கற்றுக்கொண்டார். கடற்கரை என்றால் ஒரு காதல், ஒரு பெண்ணின் கற்பு, கடைசியில் ஒரு சாவு. அந்த அச்சில் வராத கடல் நாவலைக் கண்டால் அவருக்குத் திகைப்பு. டீசல் விலை, கடன், விசைப்படகுத் தகராறு இதெல்லாம் கதையா என்கிறார்.

கதைதான். 'கடல்புரத்தில்' என்ன சொல்கிறது? வல்லத்தில் போகிறவர்களுக்கும் லாஞ்சி வைத்திருப்பவர்களுக்கும் மூண்ட பகை. வல்லத்தை விற்க மனம் வராத ஒரு தகப்பன். விற்கச் சொல்லும் மகன். எவ்வளவு சின்னப் புத்தகம்! அதில் ஒரு தொழில் சாவதையும் ஒரு வீடு உடைவதையும் ஒன்றாகவே பார்க்கிறோம். சில இடங்களில் கண்ணீர் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும், இந்த வரிசையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அதைத்தான் எடுப்பேன்.

ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், கடற்கரைக்கு வெளியாள். 'வெளியூர்க்காரருக்கு எங்கள் பாடு தெரியுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர் உப்பளத்துக்கே வந்து, ஜனங்களோடு பேசி, பார்த்து எழுதினார். உப்பு உற்பத்தியில் நம் நாட்டில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டில் முதன்மையானது தூத்துக்குடி. அந்த உப்பைத் தினமும் சோற்றில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு, பாத்தியில் நிற்கிற பெண்ணின் காலை முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். அவருடைய பாத்திரங்கள் சில சமயம் துண்டுப் பிரசுரம் போலப் பேசுகிறார்கள். அது குறைதான். ஆனால், வெளியாள் என்பது குறை இல்லை. பார்க்காமல் எழுதுவதுதான் குறை. அதை உள்ளூர்க்காரனும் செய்யலாம். மேலே சொன்ன என் கதையே அதற்குச் சாட்சி.

'ஆழி சூழ் உலகு' எழுதிய ஜோ டி குருஸ் உவரிக்காரர். மரம் உடைந்து நடுக்கடலில் தத்தளிக்கிற மூன்று பேர், மூன்று வயசு. அவர்களைச் சுற்றித் தலைமுறைகளின் கதை. தன் உயிரை விட்டு இளையவனைக் காக்க நினைக்கிற மனிதர்களை அதில் கண்டபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'கொற்கை'யில் எனக்கு வழக்கு உண்டு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் தோணியும் தண்டலும் வியாபாரமும் குடும்பங்களும் கப்பல் ஏறுகிற கூட்டம் போல வந்துகொண்டே இருக்கின்றன. துறைமுகம் அப்படித்தான் என்று வாதிக்கலாம். ஆனால், ஒருவனுக்காக நான் அழ ஆரம்பிக்கும்போது ஆசிரியர் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். ஊர்ப் பதிவேட்டில் யாரையும் விடக் கூடாது. நாவலில் சிலரை விட்டுத்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லி நண்பர் புத்தகத்தைத் திருப்பியிருந்தால், அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். அதற்கு முதலில் முப்பதாம் பக்கத்தைத் தாண்ட வேண்டுமே!

அந்த நாவலின் பெயரையே பாருங்கள். கொற்கை பாண்டியர்களின் துறைமுகம். முத்துக்குப் பேர் போனது. கடல் விலகிப் போய் இன்று உள்நாட்டுக் கிராமமாகக் கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது எதனால்? பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பை உடைத்ததும் உண்மை தெரிந்தது, அரசன் உயிர் போயிற்று, மதுரை எரிந்தது. பொற்கொல்லன் கதையில் வருகிறான். அந்த முத்துக்காகக் கடலில் முங்கினவன் வருகிறானா? நம் இலக்கியத்துக்கு முத்தை நெடுங்காலமாகத் தெரியும். முங்கினவனை மட்டும் தெரியாது. இப்போதுதான் நாவலில் அவனுடைய சனம் வாயைத் திறக்கிறது. திறந்த மாத்திரத்தில், 'உன் பேச்சு புரியவில்லை, முத்தை மட்டும் வைத்துவிட்டுப் போ' என்கிறோம்.

நாவலாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சிப்பி விளைகிற பார்கள் அதற்குப் பிறகு குளிப்புக்குத் திறக்கப்படவில்லை. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து உண்டாக்கினார்கள். சங்குக்குளிப்பு மட்டும் நடந்துவருகிறது. முத்துக் குளித்தவனுடைய வாழ்க்கையை முழுதாகச் சொல்லி என் மனம் நிறைந்த நாவல் இன்னும் என் கைக்கு வரவில்லை. 1961-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். கேட்டு எழுத இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

அப்படி ஒருவரை நான் சந்தித்தேன். காலில் கல்லைக் கட்டி இறங்கியது, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கியது, கயிற்றை அசைத்ததும் தோணியில் இருந்தவன் மேலே இழுத்தது எல்லாம் சொன்னார். "நீங்கள் எடுத்த முத்தில் பெரியது எது?" என்று கேட்டேன். எழுத்தாளன் கேட்கிற கேள்வி!

அவர் சிரித்தார். "முத்த யாரு பாத்தா? சிப்பியக் கரையில கொட்டுவோம். ஆயிரம் ஆயிரமா, தொறக்காமலே ஏலம் போயிரும். நான் எடுத்ததுல முத்து இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, தம்பி."

இந்தப் பேச்சு என் நண்பருக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். புத்தகத்தை மறுபடியும் அவருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்திலிருந்து படிக்கட்டும்.