வயிற்றுப் பிள்ளையும் பறங்கி வியாதியும்

கள்ளக்குறிச்சிச் சீமையிலே, கல்வராயன் மலைமேலானாலும் சரி, அடிவாரத்துச் சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து ஊர்களானாலும் சரி, பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கரு கலைந்தாலும், பிள்ளை செத்துப் பிறந்தாலும், உடம்பெல்லாம் தோலுரிந்து பிறந்தாலும், நாகதோஷம் என்றும், குலதெய்வக் குற்றம் என்றும், அவள் கால் வைத்த நேரம் என்றும் சொல்லி, பூசாரிக்கும் ஜோசியனுக்கும் கப்பம் கட்டுகின்ற வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இவையெல்லாம் ஒரே காரணத்தால் வருவதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் செய்யக்கூடிய வியாதி ஒன்று உண்டு. மேகப்புண், கிரந்தி, பறங்கி வியாதி என்று நம்மவர் காதோடு காதாகச் சொல்லும் சிபிலிஸ்தான் அது.

பெயரையே யோசித்துப் பாருங்கள். 16-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூலும் இதைப் பிரங்க ரோகம், அதாவது பறங்கி ரோகம் என்றே அழைக்கின்றது. பூர்வ ஜென்ம பாவத்தால் வருவதானால், பறங்கி கப்பலேறி வருமுன் இந்நாட்டில் பாவிகளே இல்லையா என்று கேட்கின்றோம். இதன் கிருமியை 1905-ல் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் கண்டார்கள். 1943-ல் பெனிசிலின் இதைக் குணப்படுத்தும் என்பது அமெரிக்காவில் தெரியவந்தது. விதி அன்றோடு தோற்றது.

இவ்வியாதியின் புண் வலிப்பதில்லை. தானாகவே ஆறியும் விடும். ஆகவே தனக்கு வியாதி இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. கிருமியோ நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போய்விடுகின்றது. புதிதாய்த் தொற்றிய வியாதிக்கு வைத்தியம் செய்யாவிட்டால், பாதிக்கு மேற்பட்ட கர்ப்பங்கள் ஏதாவதொரு கேட்டில் முடிகின்றன. உயிரோடு பிறக்கும் பிள்ளைக்கு மூக்கொழுகுதல், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம், ஈரல் வீக்கம், கை காலை அசைக்க முடியாத எலும்பு நோவு எல்லாம் வரலாம். பிறந்தபோது நன்றாயிருந்த பிள்ளைக்கும் சில வாரங்கள் கழித்து வரலாம். பல வருஷங்கள் சென்று கண்ணும் காதும் கெடுவதுமுண்டு.

இத்தனைக்கும் மாற்று, கர்ப்பமான உடனே ஒரு ரத்தச் சோதனையும், ஆரம்ப நிலையானால் ஒரே ஒரு ஊசியும்தான்! வியாதி பழசானால் வாரம் ஒன்றாக மூன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. ஆனால் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். பிந்தினால் பிறந்த சிசுவுக்குப் பத்து நாள் ஊசி போட நேரும்.

இளம் பெண்கள் விஷயத்தில் பிந்துவதுதான் வழக்கமாயிருக்கின்றது. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில், பெண்ணுக்கு 16 வயதுக்கு மேல்தான் கலியாணம் என்று நம் இயக்கம் தீர்மானித்தபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று சட்டமே 18 என்கிறது. அதற்கு முன் கலியாணத்தை முடித்துவிட்டு, 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவார் என்று பயந்து, வலி எடுக்கும் வரை பெண்ணை வீட்டிலேயே ஒளித்து வைக்கிறார்கள். சட்டம் வேண்டியதுதான், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் புருஷன் தப்புவதற்காகப் பிள்ளை சாவதா? போலீசுக்குத் தகவல் போகிற காரணத்தால் வைத்தியம் மறுக்க எந்தச் சட்டமும் இடங்கொடுக்கவில்லை.

இன்னொன்று. பெரும்பாலும் இவ்வியாதியை வீட்டுக்குக் கொண்டுவருபவன் ஆண். பழி சுமப்பவள் பெண். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியன் மாப்பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்தானா? மனைவிக்கு மாத்திரம் ஊசி போட்டு அனுப்பினால், அவனிடமிருந்து மறுபடியும் அவளுக்குத் தொற்றும். ஆகையால் பெண்ணை ஆஸ்பத்திரிக்குள் அனுப்பிவிட்டு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் புருஷன் எழுந்து உள்ளே போய், அவனும் கையை நீட்டட்டும்.