தாலி ஏறினா வேலை கிடையாதா?



தாமல் வழியா போற சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடுறதைப் பாத்திருப்பீங்க. அந்த பஸ்ல யாருக்கு சீட்டு, யாருக்கு இல்லைன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், கல்யாணமான பெண்களைத் திட்டமிட்டே ஒதுக்குகிறார்கள் என்பதுதான் செய்தி. சொல்லப்பட்ட காரணம்: குடும்பப் பொறுப்பு அதிகமாம். ஆனா உற்பத்தி நெருக்கடி வந்தா அதே பெண்களை எடுத்துக்குவாங்களாம்! அப்ப மட்டும் குடும்பப் பொறுப்பு எங்கே போச்சு?

புதுசா எடுத்தவங்கள்ல 25 சதவீதம் கல்யாணமான பெண்கள்தான்னு நிறுவனம் கணக்கு சொன்னது. சரி, இருக்கட்டும். பிறகு ஏன், விளம்பரத்தில் திருமண நிபந்தனையைப் போடாதீங்கன்னு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது? அதுவும் அதே ஆண்டு நவம்பரில் செய்தியாக வந்ததே!

காஞ்சிபுரத்துத் தறியைப் பாருங்க. தார் சுத்துறதும், கோர்வைச் சேலைக்குத் தறியின் மறுபக்கம் உக்காந்து கைகொடுக்குறதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். கூலி இல்லாத வேலைன்னா யாரும் 'கல்யாணம் ஆயிடுச்சா'ன்னு கேக்குறதில்ல. மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு வந்தா மட்டும் அந்தக் கேள்வி முளைக்குது.

வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டம் சொன்னது. அதைச் சுட்டிக்காட்டித்தான் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆனால் திருமணம் என்ற வார்த்தை அந்தச் சட்டப் பிரிவில் இருக்கவில்லை. அந்தச் சந்தில்தான் தப்பித்தார்கள்.

கல்யாணம் ஆனதால் ராணுவச் செவிலியர் ஒருவரை நீக்கியது தவறு என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அரசு செய்தா தப்பு, தனியார் செய்தா சரியா?

நமது கோரிக்கை:

1. திருமணம், கர்ப்பம் பற்றிய கேள்வி வேலைக்கான நேர்காணலில் கூடாது என்று தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும்.

2. அரசு நிலமும் சலுகையும் வாங்கும் ஒவ்வொரு ஆலையின் ஒப்பந்தத்திலும் இது நிபந்தனையாக வேண்டும். மீறினால் சலுகை ரத்து!

3. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 2017-லேயே சட்டம் திருத்தப்பட்டது. அது காகிதத்தில் இருந்தா போதாது, ஆலைக்குள்ள தொட்டில் ஆடணும்.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்கள் எந்தத் தொழிலும் செய்ய உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தாமலும் அன்றைக்கு அந்த மாவட்டம்தான். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது. இன்னுமா காத்திருக்கணும்?

உங்க ஊர்ல 'கல்யாணமானவங்க வேண்டாம்'னு சொல்லும் வேலை விளம்பரத்தைப் பாத்தா, படம் எடுங்க. எங்களுக்கு அனுப்புங்க. கேள்வி கேப்போம்!

#தாலி_தகுதிக்குறைவு_அல்ல
#வேலை_எல்லாருக்கும்