இரவல் கண்ணால் சட்டம் காண்பதா?

சட்டமன்றம் என்றதும் மேடைப்பேச்சும், மேசை தட்டலும், வாக்கெடுப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மசோதா அவைக்கு வருமுன் அதன் வாசகத்தை எழுதியவர் யார்? அதனால் ஏற்படும் செலவைக் கணக்கிட்டவர் யார்? முந்தைய சட்டத்தோடு அது மோதுமா என்று ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? இக்கேள்விகளை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆனால், சட்டம் யாருடைய சொத்து என்பதைத் தீர்மானிப்பவை இக்கேள்விகள்தாம்.

‘அரசியல்வாதிகளுக்கு எதற்கு ஆய்வாளர்களும் வரைவாளர்களும்? மக்கள் வரிப்பணம் வீணாகிறது, வெட்டுங்கள்!’ என்னும் குரல் அமெரிக்க மாநிலங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்பதற்கு இனிமையான குரல்தான். அதில் மறைந்துள்ள நஞ்சை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டமன்றங்கள் உண்டு. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர். துறைகளும் அதிகாரிகளும் புள்ளிவிவரங்களும் அவர் கையில். எதிரே நிற்கும் உறுப்பினரோ நேற்றுவரை வழக்கறிஞராகவோ, விவசாயியாகவோ, ஆசிரியராகவோ இருந்தவர். இருவருக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யவே, சட்டமன்றத்துக்கு மட்டும் பதில்சொல்லக் கடமைப்பட்ட பணி அமைப்புகள் தோன்றின.

விஸ்கான்சின் மாநிலம் 1901ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டியது. மாடிசன் நகரில், சட்டமன்றக் கட்டடத்திலேயே, உறுப்பினர்களுக்கென ஒரு குறிப்புதவி நூலகம் அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் மக்கார்த்தி. அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தின் புதல்வர். பிற மாநிலங்களின் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றைத் திரட்டி, கேட்டவர் எக்கட்சியினராயினும் அவர் முன் வைத்தார். மசோதா வரையவும் துணைநின்றார். தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டமும் மாநில வருமான வரிச் சட்டமும் 1911இல் அங்கே நிறைவேறியதற்குப் பின்னே இந்த அமைதியான உழைப்பும் இருந்தது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. ‘மசோதாத் தொழிற்சாலை’ என்று ஏளனம் செய்தனர். அதனை ஒழிப்பதாக முழங்கி 1914 தேர்தலில் வென்ற இமானுவேல் பிலிப், ஆளுநரான பின் அதன் பணியை ஆராய்ந்து பார்த்து, தம் எண்ணத்தையே கைவிட்டார். அறியாமல் பழித்தவர், அறிந்தபின் காத்தார்!

கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. மசோதா வரையும் சட்ட ஆலோசகர் அலுவலகம் அங்கே 1913இல் உருவானது. ஆளுநரின் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தின் சார்பில் துருவி ஆராயும் அலுவலகம் 1941இல் தோன்றியது. அதன் தலைவராக 1949 முதல் 1977 வரை பணியாற்றிய ஆலன் போஸ்ட், இரு பெருங்கட்சிகளையும் சேர்ந்த ஐந்து ஆளுநர்களின் கணக்குகளைக் கண்டார். எவர் கணக்கையும் முகம் பார்த்து எடைபோடவில்லை. பொதுவாக்கெடுப்புக்கு வரும் முன்மொழிவுகளால் நேரும் செலவைச் சார்பின்றி வாக்காளருக்கு விளக்குவதும் அந்த அலுவலகமே.

இத்தகைய வலிமையின் வேரில்தான் 1990இல் கோடரி விழுந்தது. 140ஆம் முன்மொழிவு என்ற பெயரில் மக்கள் வாக்களித்து, கீழவை உறுப்பினருக்கு ஆறு ஆண்டுகள், மேலவை உறுப்பினருக்கு எட்டு ஆண்டுகள் என வரம்பு கட்டினர். சட்டமன்றத்தின் செலவையும் கடுமையாகச் சுருக்கினர். அனுபவம் மிக்க ஊழியர் பலர் வெளியேறினர். வரவு செலவு ஆய்வலுவலகம் தன் பணியாளரில் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்தது. புதிய உறுப்பினர் வந்தார். அவருக்குக் கற்பிக்க வேண்டிய பழைய ஊழியர் இல்லை. பதவி வரம்பு 2012இல் ஓரளவு தளர்த்தப்பட்டது. ஆனால், கலைந்துபோன அனுபவத்தை ஒரு வாக்கெடுப்பால் மீட்டுவிட முடியுமா?

மின்துறையைச் சந்தைக்குத் திறந்துவிட்ட சட்டம் 1996இல் கலிபோர்னியா அவைகளில் நிறைவேறியபோது எதிர்வாக்கு ஒன்றுகூட விழவில்லை. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அம்மாநிலம் இருளில் தவித்தது, மின்விலை வானளாவியது. இதற்குக் காரணங்கள் பல. ஊழியர் குறைவு ஒன்றையே குற்றவாளியாக்குவது நேர்மையாகாது. ஆயினும் இத்துணைச் சிக்கலான சட்டத்துக்கு ஒரு மறுப்புக்குரலும் எழாத அவையில் தனித்த ஆய்வு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அந்த இருள் உணர்த்தவில்லையா?

வெற்றிடம் ஒருபோதும் வெற்றிடமாக நிற்பதில்லை. சட்டமன்றம் தன் வரைவாளரை வீட்டுக்கு அனுப்பினால், நிறுவனங்களின் முகவர் வாயிலில் காத்திருக்கிறார். கையில் எழுதி முடித்த மசோதா, புன்னகையோடு இலவசம்! அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் 2019இல் வெளியிட்ட கூட்டுப் புலனாய்வு, எட்டாண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட மாநில மசோதாக்கள் வெளியார் எழுதித் தந்த மாதிரிகளிலிருந்து பெரும்பாலும் அப்படியே படியெடுக்கப்பட்டவை என்று காட்டியது. அவற்றுள் 2,100க்கும் மேற்பட்டவை சட்டமாகவும் ஆகிவிட்டன. பெயரை எழுதும் இடத்தை மட்டும் நிரப்புபவரைச் சட்டமியற்றுபவர் என்று அழைப்பது எப்படி?

‘தேர்ந்தெடுக்கப்படாத ஊழியர் ஆட்சிசெய்வதா?’ என்று கேட்பாருக்கும் விடை உண்டு. ஆபத்து இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஊழியர் தம் கருத்தைத் தரவாக வேடமிட்டு நுழைக்கக்கூடும். ஆளுங்கட்சிக்கு அடியாளாகவும் கூடும். ஆகவேதான் கட்சிச் சார்பற்ற நியமனமும், இரு தரப்புக்கும் ஒரே விடை தரும் ஒழுங்கும், ஆய்வைப் பொதுமக்கள் காண வெளியிடும் வழக்கமும் வேண்டும் என்கிறோம். ஊழியருக்கு வாக்கு இல்லை. அவரைக் கேள்வி கேட்கலாம், பணியிலிருந்து விலக்கவும் செய்யலாம். வெளியிலிருந்து மசோதா எழுதித் தரும் முகவரை யார் விலக்குவது?

சிக்கனம் நற்பண்பே; ஆனால் காவற்காரனின் கூலியை மிச்சம்பிடித்துக் களஞ்சியத்தைப் பறிகொடுப்பது சிக்கனமாகாது. சட்டமியற்றும் உரிமை மக்கள் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காக்க அறிவு வேண்டும். அறிவுக்கு ஊதியம் வேண்டும். அந்த ஊதியத்தை மக்கள் கொடுக்க மறுத்தால் வேறொருவர் கொடுப்பார். கொடுப்பவர் பெயரில் சட்டம் எழுதப்பட்ட பிறகு, சட்டமன்றம் நமக்காகப் பேசவில்லையே என்று அழுது என்ன பயன்?