டிக்கெட் பணம் பாதிதான்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பேரப்பிள்ளைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகும் வழக்கம் நம் காஞ்சிபுரத்திலும் வந்துவிட்டது. வேன் வைத்தால் காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடலாம். போகிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது டிக்கெட் விலை. அதைத் தவிர மற்றதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. டிக்கெட் விலை போர்டிலேயே இருக்கிறது, அதற்குள் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் அடக்கம். (2017-ல் இது 28 சதவீதமாக இருந்தது. 2018 ஜனவரியில் குறைத்தார்கள்.) கேட்டைத் தாண்டிய பிறகு கையைவிட்டுப் போகும் பணத்துக்குத்தான் போர்டு கிடையாது.

போன வருஷம் மே மாதம் நாங்கள் எட்டுப் பேர் போனோம். நானும் மனைவியும், மகன், மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மகள், அவள் பையன். எந்தப் பார்க் என்று சொல்லப் போவதில்லை. எல்லாவற்றிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். கூட்டுறவு வங்கியில் முப்பத்து நாலு வருஷம் பேரேடு எழுதிய கை சும்மா இருக்காதே, அன்று ராத்திரியே கணக்கை எழுதி வைத்தேன்.

எட்டு டிக்கெட்டுக்கு 9,050 ரூபாய். உள்ளே ஆன செலவு இது: மதியச் சாப்பாடு 2,480, ஐஸ்கிரீம், பாப்கார்ன், ஸ்வீட்கார்ன் வகையறா 1,240, சாயங்காலம் டீ, பஜ்ஜி 560, தண்ணீர் பாட்டில் பத்து 300. தண்ணீரில் இறங்க நைலான் துணிதான் வேண்டும் என்று வாசலில் சொன்னதால் புதிதாக வாங்கிய இரண்டு உடை 900. லாக்கர் வாடகை 300, பார்க்கிங் 100. டிக்கெட்டில் சேராத தனி விளையாட்டுகள் 900. சறுக்கும்போது அவர்களாகவே எடுத்து, சட்டம் போட்டு நீட்டிய இரண்டு போட்டோ 600. மொத்தம் 7,380. இதில் வாய்க்குள் போனது 4,580, மீதி 2,800 துணிக்கும் பூட்டுக்கும் போட்டோவுக்கும்.

பணம் போனது பெரிய விஷயமில்லை. மகன் சம்பாதிக்கிறான், பிள்ளைகளுக்குச் செலவழிக்கிறான். அந்தக் கணக்கில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை 30 ரூபாய்க்கு விற்பதை என் மனைவி காலை பதினோரு மணிக்குப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்கவில்லை. மருமகள் பாட்டிலை நீட்டியபோதெல்லாம், "பசங்களுக்கு வெச்சிரும்மா, எனக்குத் தாகமில்லை" என்றாள். மதியம் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசிக்கவே இல்லைங்க, நீங்க சாப்பிடுங்க" என்று பேத்தி மிச்சம் வைத்த சாதத்தைச் சாப்பிட்டாள். நாலு மணிக்குத் தலைசுற்றி மரத்தடியில் படுத்துவிட்டாள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவள், மே மாத வெயில். மகன் பதறிப்போய், "ஏம்மா இப்படிப் பண்றீங்க, நான் கணக்கா பார்த்தேன்?" என்று சத்தம் போட்டான். வேனில் திரும்பும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

நம் வீடுகளில் இது புதிதா என்ன? செலவுக்கு ஒரு வரம்பு பேசிக்கொள்ளாமல் கிளம்பினால், பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள், பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள், வயதான பெண்மணி ஒருத்தி மட்டும் ஓசைப்படாமல் தன் பங்கைக் குறைத்துக்கொள்வாள். "இன்னைக்கு ஒரு நாள்தானே, கணக்குப் பார்க்காதீங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்வது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் கணக்கு பார்க்காத இடத்தில் அவள் மனதுக்குள் தனியாகக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன்பே, "இன்றைக்கு உள்ளே 6,000 ரூபாய் செலவு, அது ஏற்கெனவே செலவான பணம்" என்று பேசி ஒதுக்கிவிட்டால், ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்காது. பட்ஜெட் என்றாலே சிக்கனம் என்று நினைக்கிறோம். நான் கேட்பது அவள் கூசாமல் சாப்பிடுவதற்கான பட்ஜெட்.

அதனால் இந்த வருஷம் மார்ச்சிலேயே மகனோடு உட்கார்ந்து பேசினேன். மதியச் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. எட்டுப் பேருக்கும் எட்டு முழுச் சாப்பாடு, பங்கு போடுவது கிடையாது. வெட்டியது மற்ற இடங்களில். நைலான் துணி வீட்டிலிருந்தே போனது. காலை இட்லி, மிளகாய்ப்பொடி தடவி, கேட்டுக்கு வெளியே வேனிலேயே முடிந்தது. லாக்கர் ஒன்றே போதும் என்று ஆயிற்று. போட்டோ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. சட்டம் போட்டு நீட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்லத்தான் யாருக்கும் மனசு வராதே.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு என்பதால் மருந்துச் சீட்டைக் காட்டினேன், பிஸ்கட் பாக்கெட்டை விட்டார்கள். நம் வயதுக்காரர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தியேட்டர்களைப் பற்றி 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்று. அது தியேட்டருக்கான தீர்ப்புதான். ஆனாலும் நான் போன பார்க்குகளில் குடிநீர்க் குழாய் இருக்கத்தான் செய்கிறது, கழிவறைக்குப் பக்கத்து மூலையில், கண்ணில் படாமல். கேட்டால் காட்டுவார்கள். காலி பாட்டில் இரண்டு கையில் இருந்தால் போதும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைப் பற்றி நண்பர் ஒருவர் சண்டை போட்டே தீருவேன் என்கிறார். கடையில் வைத்து விற்றால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பேரப்பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு இந்த வழக்கை நடத்த வேண்டாமே.

பிள்ளைகளின் செலவுக்கு வருகிறேன். இதற்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று உண்டு. வைகாசி கருட சேவைக்கு வரதராஜர் கோயில் பக்கம் கூட்டிப் போகும்போது அப்பா எங்கள் ஒவ்வொருவர் கையிலும் நாலணா வைப்பார். திருவிழாக் காசு. அதற்குப் பிறகு ஜவ்வுமிட்டாயா, பலூனா, பொரியா என்பது எங்கள் பாடு. ஒன்றை வாங்கினால் மற்றது இல்லை என்பதை அந்த நாலணா எங்களுக்குப் புரிய வைத்தது, அப்பா வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு என் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது நானும் அப்படித்தான் ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன். டெல்லி அப்பளமா, ராட்டினமா என்று அவர்கள் அரை மணி நேரம் பஞ்சாயத்து நடத்துவார்கள்.

இன்றைக்குப் பிள்ளைகள் காசையே பார்ப்பதில்லை. அப்பா போனை நீட்டுகிறார், ஒரு சத்தம் கேட்கிறது, ஐஸ்கிரீம் வருகிறது. தீராத பணம் என்று அவர்கள் நினைத்தால் அவர்கள்மேல் குற்றமில்லை. சில பார்க்குகளில் கையில் பட்டை கட்டி, அதில் பணத்தை ஏற்றிவிடுகிறார்கள். அதில் பெரியவர்களுக்கே போவது தெரிவதில்லை. ஆகவே இந்த முறை மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 300 ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டாகக் கொடுக்கச் சொன்னேன். "பசங்க தொலைச்சிருவாங்கப்பா" என்றான் மகன். தொலைக்கட்டும், தொலைத்தால் 300-தான் என்றேன்.

நம் வயதுக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கூடப் போய்விட்டு, "ஒரு கார்ன் எண்பது ரூபாயா, மார்க்கெட்ல இந்தக் காசுக்கு எத்தனை வாங்கலாம்" என்று நாள் முழுக்க முணுமுணுப்போம். விலை அதிகம்தான். ஆனால் வாங்கித் தின்னும் பிள்ளையின் காதில் அதைப் போட்டு என்ன ஆகப் போகிறது? பேசுவதை வீட்டில் பேசியாகிவிட்டால் அங்கே வாயை மூடிக்கொள்வது சுலபம். எனக்கு இந்த முறை சுலபமாகத்தான் இருந்தது.

பேத்தி 300 ரூபாயில் 220 செலவழித்து 80 ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டாள். பேரன் ஒருவன் மொத்தத்தையும் பந்தயக் கார் ஓட்டியே தீர்த்தான். சின்னவன் பதினோரு மணிக்கே சோப்புக்குமிழி விடும் துப்பாக்கி ஒன்றை வாங்கினான், அது அரை மணி நேரத்தில் உடைந்தது. மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் போய் ஐஸ்கிரீமுக்கு ஐம்பது ரூபாய் கடன் கேட்டான். கொடுத்தாள். போனில் பேசும்போதெல்லாம் இன்னும் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.