மணமும் அளவோடுதான்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். என் அண்ணன் மகனும் ஜம்முவில் இருக்கிறான். லீவில் வந்தபோது ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "அத்தே, இது லாவெண்டர் பூ. சமையலுக்கும் போடலாமாம்" என்றான். பிரித்தால், ஆகா! தோல் ஷெட்டு வாடைக்குப் பழகிய எங்கள் ஆம்பூர் மூக்குக்கு அது விருந்துதான்.

அங்கே தோடா மாவட்டத்துப் பதர்வாவில், மக்காச்சோளம் போட்டுவந்த விவசாயிகள் பலர் இப்போது லாவெண்டர் பயிரிடுகிறார்கள். 2016-க்குப் பிறகு மத்திய அரசின் நறுமணப் பயிர்த் திட்டத்தில் நாற்று கொடுத்து ஊக்குவித்தார்களாம். செடி, நம் துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது.

அங்கேதான் நான் ஏமாந்தேன். பிரியாணிக்குப் புதினாவை அள்ளிப் போட்டுப் பழகிய கை அல்லவா? ஆடிக் கிருத்திகைப் பாயசத்தில் ஒரு பிடி பூவைப் போட்டுக் கொதிக்கவும் விட்டேன். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாம்மா இது, பாயசத்துல பவுடரைக் கொட்டிட்டியா?" என்றார். கசப்பு வேறு. இரண்டு லிட்டர் பால் வீண்!

அதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த வாரம் வந்தது. நாத்தனார், "பூ எதுக்கு அண்ணி? லாவெண்டர் எண்ணெய் இருக்கே, ரெண்டு சொட்டு விட்டா ஆச்சு" என்று குழந்தையின் பாலில் விடப் பாட்டிலைத் திறந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வாசனைக்கும் மேலுக்குத் தடவவும் விற்கும் எண்ணெய் அது. பூவின் சாரம் முழுக்க அதில் திரண்டிருக்கிறது. வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம்கூட வரலாம். பாட்டில் எப்போதும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பீரோவில் துணிக்கு நடுவே வைக்கும் வாசனைப் பொட்டலமும் வேண்டாம். அதில் செயற்கை வாசனை சேர்த்திருப்பார்கள். சமையலுக்கென்றே விற்கும் உலர்ந்த பூதான் வாங்க வேண்டும். லாவெண்டரில் பல வகை உண்டு. சிலவற்றில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும்; அவை சமையலுக்கு ஆகாது.

பிறகு செய்து பார்த்துச் சரியாக வந்த பக்குவம் இதோ:

பாயசத்துக்கு: அரை லிட்டர் பாலைக் காய்ச்சி இறக்கி, அரை டீஸ்பூன் பூ போட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி, வெந்த சேமியாவில் சேர்த்துச் சர்க்கரை போடுங்கள். ஏலக்காய் வேண்டாம். இரண்டு வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

சர்பத்துக்கு: ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஒரு டீஸ்பூன் பூ போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். ஆறியதும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். ஒரு தம்ளர் பானைத் தண்ணீருக்கு மூன்று மேஜைக்கரண்டி போதும்.

பூவைக் கொதிக்க விடாதீர்கள். மணம் பறந்துவிடும், கசப்பு நின்றுவிடும். முதல் தடவை செய்பவர்கள் சொன்ன அளவில் பாதி போட்டு ருசி பாருங்கள். குறைந்தால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம். கூடினால் எடுக்க முடியாது.

இரண்டாம் தடவை பாயசத்தை மாமியார் தம்ளர் காலியாகும்வரை குடித்தார். "இப்ப சரியா இருக்கு. ஆனா பிரியாணில மட்டும் கை வெச்சிடாதே, சொல்லிட்டேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே!