காட்ட வேண்டியது கைவேலை



சுயதொழில் என்றதும் தையல், கோழி வளர்ப்பு, இடியப்பம் அவித்து விற்பது என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். இவை நல்ல தொழில்கள்தாம். ஆனால் கணனிப் பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகளும் இப்போது எமது மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டில் இருந்தபடியே இணையத்தளம் வடிவமைத்துக் கொடுக்கிறார்கள். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருவார்கள். இரண்டு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவருக்கும், புறாத்தீவுக்குப் படகு விடுபவருக்கும் ஓர் இணையத்தளம் இருந்தால் நல்லது. ஆகவே வேலை உண்டு. அந்த வேலை நம்மைத் தேடி வர என்ன செய்யலாம் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

உட்துறைமுக வீதிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தங்கையை எனக்குத் தெரியும். 2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கில் இருந்து அவளது குடும்பம் இடம்பெயர்ந்தது. வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று அலைந்த பாடசாலைச் சிறுமி அவள். அந்த அலைச்சலில் தகப்பனை இழந்தாள். இன்று தாயையும் தம்பியையும் அவளே பார்க்கிறாள். வீட்டு வாடகையும் தாயின் மருந்துச் செலவும் அவளது கணனியில் இருந்துதான் வரவேண்டும்.

தனது வேலைகளைக் காட்டுவதற்காக அவள் தனக்கென ஓர் இணையத்தளம் செய்தாள். தையல் தெரிந்த அக்கா தான் தைத்த நாலு சட்டைகளைக் கொழுவி வைப்பது போன்றதுதான் இது. ஆனால் முதல் பக்கத்தில் அவள் போட்டது வேலையை அல்ல. தகப்பனின் படம், முகாமில் எடுத்த படம், தாங்கள் பட்ட பாடு ஆகியவற்றைப் போட்டிருந்தாள். “அக்கா, கதையைப் போட்டாத்தான் இரக்கப்பட்டு வேலை தருவாங்கள் எண்டு சொன்னாங்க” என்றாள்.

இரக்கம் வந்தது, வேலை வரவில்லை. “உங்களை நினைத்து அழுதேன்” என்று எழுதியவர்கள் ஒரு தளம் செய்து தரும்படி கேட்கவில்லை. கைத்தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்ததால் இரவு பதினொரு மணிக்கு அறியாத ஆண்கள் அழைத்தார்கள். ஒரு நாள் தம்பி அந்தப் பக்கத்தைத் தாய்க்குக் காட்டியிருக்கிறான். தாய் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பாட படத்த ஏன் மகள் கடையில வெச்சிருக்காய்?” என்று மட்டும் கேட்டாராம்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். போருக்குப் பிறகு எத்தனை படிவங்களில், எத்தனை கூட்டங்களில் எமது கதையைச் சொன்னோம்! உதவி பெறுவதற்கு அது தேவைப்பட்டது. நீதி கேட்பதற்கு இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் தொழில் வேறு. கூலி என்பது நாம் செய்து கொடுத்த வேலைக்குக் கிடைப்பது. எமது துயரத்தைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் எமக்கு உரிமை உண்டு. கடைவாசலில் அதை வைக்க வேண்டிய கடமை எமக்கில்லை.

எதைப் போடலாம்?

நீங்கள் செய்த வேலைகளில் நல்லவை மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள். கேட்டவருக்கு என்ன தேவைப்பட்டது, நீங்கள் என்ன செய்தீர்கள், எத்தனை நாள் எடுத்தது என்பவையே அந்த மூன்று வரிகள். வேலை தந்தவரிடம், “உங்கள் தளத்தை என் பக்கத்தில் காட்டலாமா?” என்று முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

இன்னும் ஒருவரும் வேலை தரவில்லையா? உங்கள் ஊர் மாதர் சங்கத்திற்கோ மீனவர் சங்கத்திற்கோ ஒரு மாதிரித் தளம் செய்து, “பயிற்சிக்காகச் செய்தது” என்று அதன் கீழ் எழுதிவிடுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்ட வேண்டாம். சிறிய ஊரில் பொய் இரண்டு நாளில் வெளிவரும்.

கட்டணம் எவ்வளவில் தொடங்கும், அதில் என்னென்ன அடங்கும், எந்தெந்த மொழிகளில் செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டு விலகிப் போகும் வாடிக்கையாளர் பலர். வீட்டு முகவரி, பிள்ளைகளின் படம், பாடசாலைப் பெயர் எதுவும் வேண்டாம். தொழிலுக்கென்று தனி மின்னஞ்சலும் தனிச் சிம்மும் வைத்திருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தச் சிம்மை நிறுத்தி வைக்கலாம். உங்கள் படத்தைப் போடுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். பெயரும் வேலையும் இருந்தாலே போதும்.

உறுதி உங்கள் பெயரில் இருக்கட்டும்

இடம்பெயர்ந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்துவிட்டுக் கச்சேரிக்கு நடந்தவர்கள் நாம். இணையத்தள முகவரியும் ஒரு காணி போன்றதே. எமது நாட்டுக்கு டொட் எல்கே என்று முடியும் முகவரிகள் உள்ளன. தமிழிலேயே டொட் இலங்கை என்று முடியும் முகவரிக்கு 2010 ஆம் ஆண்டு சர்வதேச அனுமதி கிடைத்தது. எதைப் பதிந்தாலும் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதியுங்கள். “நான் பதிந்து தாறன்” என்று மருமகனோ பயிற்சி தந்தவரோ தங்கள் பெயரில் பதிந்தால், நாளை மனவருத்தம் வந்தால் உங்கள் கடை அவர்கள் கையில் போய்விடும். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள். தளத்தின் பிரதி ஒன்றை மாதம் ஒரு தடவை வேறிடத்தில் சேமித்து வையுங்கள். கட்டணம் புதுப்பிக்க வேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் அவசியம்.

ஒரு கிழவரின் குறை

இனி, பார்ப்பவர்கள் சொல்லும் கருத்துகளுக்கு வருவோம். அந்தத் தங்கைக்கு வந்த இரக்கக் கடிதங்களுக்கு நடுவே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் எழுதியிருந்தார். “பிள்ளை, கதையை வாசித்தேன், மனம் வருந்தினேன். ஆனால் கீழே தமிழ் எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன. விலையைத் தேடினேன், காணவில்லை” என்பது அவர் எழுதியது.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. இரவு பகலாகச் செய்த வேலையைக் குறை சொல்லிவிட்டாரே என்று அழுதாள். பிறகு தம்பியின் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தபோது ஆசிரியர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

காரணம் எழுத்துரு. எமது நாட்டு அச்சகங்களில் பாமினி எழுத்துருவைப் பலரும் பாவிக்கிறோம். அதில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு உள்ள கணனியில் தமிழாகத் தெரியும், இல்லாத கருவியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழை இணையத்தில் ஏற்றியவர்களும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களே. 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைத் தளம் தொடங்கியபோது அதில் தமிழையும் ஏற்றப் பாடுபட்டவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த தமிழ் எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே இருக்கின்றன. இப்போது யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தட்டெழுதினால் எந்தக் கைத்தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினியில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இணையத்தில் இலவசமாக உண்டு.

அவள் அன்றிரவே எழுத்தை மாற்றினாள். விலையையும் வேலைகளையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். தகப்பனின் படத்தை எடுத்து வீட்டுச் சுவரில், விளக்குக்கு மேலே மாட்டினாள்.

கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்

அரிசி புடைக்கும்போது நாம் செய்வதைத்தான் இங்கும் செய்ய வேண்டும்.

முதலாவது, வேலையைத் திருத்த உதவும் கருத்து. “எழுத்துச் சிறிது”, “படம் திறக்க நேரம் எடுக்கிறது”, “எங்கே தொடர்பு கொள்வது என்று தெரியவில்லை” போன்றவை. சொன்ன விதம் கடுமையாக இருக்கலாம். சொன்ன முறையை விட்டுவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் திருத்திவிட்டு, “நீங்கள் சொன்னதைத் திருத்திவிட்டேன். நன்றி. மீண்டும் ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?” என்று எழுதுங்கள். இப்படி எழுதியவரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். எல்லாக் குறையையும் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் நிறம் பிடிக்கவில்லை என்றால் அது அவரது விருப்பம். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அது உங்கள் வேலையில் உள்ள குறை.

இரண்டாவது, பாராட்டும் இரக்கமும். நன்றி சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தந்தவர் எழுதிய நல்ல வார்த்தைகளை அவரது அனுமதியோடு தளத்தில் போடலாம். நீங்களே எழுதிப் பிறர் பெயரில் போட வேண்டாம்.

மூன்றாவது, தொந்தரவு. அழகைப் பற்றிப் பேசுவது, தனியே சந்திக்கக் கேட்பது, வேலை தருவதாகச் சொல்லிப் படம் கேட்பது, முற்பணம் அனுப்பச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும். பதில் எழுத வேண்டாம். வந்த செய்தியைத் திகதி தெரியும்படி படம் பிடித்துச் சேமித்த பிறகு அந்த இலக்கத்தைத் தடை செய்யுங்கள். அழித்துவிட்டால் முறையிடச் சான்று இருக்காது. மிரட்டல் என்றால் பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் முறையிடலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெட்கப்பட வேண்டியவர் எழுதியவரே, நீங்கள் அல்ல.

உங்கள் தளத்தில் கருத்து எழுதுவோரின் பெயர், இலக்கம் ஆகியவற்றைப் பிறருக்குக் கொடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. தேவையில்லாத விபரம் எதையும் கேட்காமல் விடுவதே நல்லது.

ஐந்து பேர் போதும்

கருத்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இணையத்தளப் பாவனையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் என்பவர், ஐந்து பேரிடம் பாவித்துப் பார்க்கக் கொடுத்தால் பெரும்பாலான குறைகள், ஏறத்தாழ 85 வீதம், தெரிந்துவிடும் என்று 2000 ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐந்து பேரை உங்கள் தெருவிலேயே தேடலாம். கண் மங்கிய ஒரு அம்மா, ஒரு ஓட்டோ சாரதி, உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, கடை வைத்திருக்கும் ஒரு நானா, சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு அயலவர் என்று ஐந்து பேரைப் பிடியுங்கள். கைத்தொலைபேசியைக் கொடுத்து, “ஒரு தளம் செய்ய எவ்வளவு காசு என்று கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்திருங்கள். எங்கே விரல் தடுமாறுகிறதோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

அந்தத் தங்கை பணக்காரி ஆகிவிடவில்லை. தளத்தைத் திருத்திய அந்தப் பருவத்தில் ஒரு விருந்தினர் விடுதி வேலையும் ஒரு படகுக்காரர் வேலையும் கிடைத்தன. படகுக்காரர் கூலியை இரண்டு தவணையாகத் தந்தார். இனிப் பாதிப் பணம் முற்பணமாக வாங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். மாரியில் வேலை குறைவு, கஷ்டம்தான். ஆனால் சென்ற முறை நான் போனபோது வீட்டு வாடகை நிலுவை இல்லை என்றாள். அவளது தாய் தேநீர் தந்துவிட்டு, “இப்ப அவளிட வேலையப் பாக்கத்தான் ஆக்கள் வாறாங்க” என்றார்.

உங்கள் வேலை எதுவாக இருந்தாலும், நாலு பேர் பார்க்கும்படி அதை வெளியே வையுங்கள். குறை சொன்னால் கேட்டுத் திருத்துங்கள். வாசலைத் திறந்து வைக்கும்போது, வீட்டின் உள் அறையைப் பூட்டி வைக்கவும் மறவாதீர்கள்.

வேலைக்கு விலை சொல்வது எப்படி, எழுத்தில் ஒப்பந்தம் செய்வது எப்படி என்பவற்றை அடுத்த இதழில் பேசுவோம். உங்கள் அனுபவங்களையும், எனது எழுத்தில் நீங்கள் காணும் குறைகளையும் எழுதி அனுப்புங்கள்.