மருந்துண்டவரை யார் கேட்டார்?

விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் தன் அறியாமையைப் பற்றி எழுத முன்வருவது பெருமைக்குரிய செயலன்று. எனினும் நம் சங்க மலரில் அதை எழுதுவது பொருந்தும் என்றே எண்ணுகிறேன். ஊரையும் உறவையும் விட்டு இங்கு வந்து படிக்கும் நம்மில் பலர் வீட்டில் நெடுநாள் நோயாளி ஒருவர் இருக்கிறார். ஒருவர் தாய்க்குச் சர்க்கரை நோய்; மற்றொருவர் தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. தொலைபேசியில் அவர்கள் நம்மைக் கேட்பது ஒன்றுதான்: "நீ படிச்சவனாச்சே, இந்த மருந்து நல்லதா?"

என் தாயாருக்கு லூபஸ் என்னும் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைப் பகைத்துத் தாக்கும் நோய் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி மும்பைக்குச் சென்ற குடும்பம் எங்களுடையது. 2011 முதல் அம்மா நாள்தோறும் உண்டு வரும் மருந்துகளுள் ஒன்று ஹைட்ராக்சிகுளோரோகுயின். அந்தப் பெயரை அன்று எங்கள் தெருவில் யாரும் அறியார். 2020 மார்ச்சில் உலகமே அறிந்தது.

பிரான்சு நாட்டின் மார்செய் நகரிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கொரோனாவை இம்மருந்து விரைவில் போக்குகிறது என்றார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அதைப் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளரும் நோய் கண்டவர் வீட்டில் உடனிருப்போரும் இதை முன்காப்பாக உண்ணலாம் என்று அதே மாதம் அறிவித்தது. சில நாட்களில் எங்கள் பகுதிக் கடைகளில் அந்த மாத்திரை இல்லை.

அப்போது எனக்கு வயது பதினெட்டு. ஊரடங்குக்கு இடையே, டாக்டர் சீட்டைக் கையில் பிடித்தபடி ஆறு கடை ஏறி இறங்கினேன். "கொரோனாவுக்கா?" என்று கேட்டார்கள். "இல்லை, அம்மாவுக்கு" என்றேன். ஏழாவது கடையில் ஒரே ஓர் அட்டை கிடைத்தது. அதை நாள் விட்டு நாள் உண்ணச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். எதிர்வீட்டு அம்மாளிடம் மூன்று அட்டைகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. "இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன், தம்பி" என்று வருந்தி, இரண்டைக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை கூறேன். அவர் செய்தியை நம்பினார், அவ்வளவே.

அந்தச் செய்திக்கு அடிப்படையாக இருந்தது என்ன? மார்செய் ஆராய்ச்சியில் மருந்து பெற்றோர் 26 பேர். அவர்களுள் 6 பேர் முடிவுக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த அறுவருள் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். இவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் எந்த மருந்துதான் நல்ல மருந்தாகத் தோன்றாது? அந்தக் கட்டுரையை 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டு கழித்து!

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். 2020 மே 22 அன்று லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வேறொரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், ஏறத்தாழ 96,000 நோயாளிகள். இம்மருந்து பெற்ற கொரோனா நோயாளிகளுக்கு இதயத் துடிப்பு கெடுகிறது, இறப்பும் மிகுகிறது என்றது. எண்ணைக் கண்டு மிரண்டேன். "அம்மா, இனி இந்த மாத்திரை வேண்டாம்" என்றேன்.

அம்மா கேட்டார்: "ஏன்யா, அதை யாருக்குக் கொடுத்துப் பார்த்தாங்களாம்? நான் ஒம்பது வருசமாச் சாப்பிடுதேனே, என்னை மாதிரி ஆளுங்களைக் கேட்டாங்களா?"

பள்ளிப் படிப்பைத் தாண்டாத என் தாய் கேட்ட கேள்வி அது. நானோ, "உங்களுக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். மகன் சொல்லைத் தட்டாமல் அவர் நிறுத்திவிட்டார்.

ஜூன் 4 ஆம் நாள் அந்தக் கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள். புள்ளி விவரங்களைத் தந்த தனியார் நிறுவனம், அவற்றை மற்றவர் சரிபார்க்க விடவில்லை. செய்தி மாறிவிட்டது, உடல் அவ்வளவு விரைவில் மாறுமா? இம்மருந்து உடலில் மெல்லச் சேர்ந்து மெல்லக் குறைவது. இரண்டு மாதமாகப் பாதியாகவும், பிறகு இல்லாமலும் போனதன் பலன் ஜூன் இறுதியில் தெரிந்தது. அம்மாவின் விரல்கள் வீங்கின. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. காய்ச்சலும் வந்தது. அது லூபசின் காய்ச்சலா, கொரோனாவின் காய்ச்சலா? சோதனை முடிவு வருமட்டும் இரண்டு இரவுகள் நான் உறங்கவில்லை. கொரோனா இல்லை என்று வந்தது. தொலைபேசியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?" பதில் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

விஞ்ஞானம் பொய் என்பதன்று என் கட்சி. இங்கிலாந்தில் 'ரெக்கவரி' என்ற ஆராய்ச்சியை நடத்தினார்கள். சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளைப் பிரித்து, 1,542 பேருக்கு இம்மருந்தைக் கொடுத்து, கொடுக்காத 3,132 பேரோடு ஒப்பிட்டார்கள். கொரோனாவுக்கு இதனால் பயனில்லை என்று ஜூன் 5 அன்று அறிவித்தார்கள். அதே ஆராய்ச்சிதான் ஜூன் 16 அன்று, டெக்சாமெதசோன் என்னும் பழைய, மலிவான மருந்து உயிர்ச்சுவாசம் தேவைப்பட்ட நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்றும் காட்டியது. முறையான ஒப்பீடு ஒரு வீண் நம்பிக்கையை நீக்கியது. ஓர் உண்மை நம்பிக்கையைத் தந்தது. இதுவன்றோ விஞ்ஞானம்!

அம்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. கொரோனா கண்ட 80 லூபஸ் நோயாளிகளின் விவரங்களை வாத நோய் மருத்துவர்கள் உலக நாடுகளிலிருந்து திரட்டி 2020 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். அவர்களுள் 51 பேர் ஏற்கெனவே இவ்வகை மருந்தை உண்டு வந்தவர்கள்! மருந்து முழுக் கவசமாக இருந்திருந்தால் இவர்களுக்கு நோய் வந்திருக்குமா? தனியே இது முடிவான சான்று ஆகாது. ஆனால் அவசரப்பட்ட உலகை ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கப் போதுமானது. உலகமோ அவர்கள் கையிலிருந்த மாத்திரையைப் பறித்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவனை முதலில் வைத்தார். பிறகே மருத்துவன், மருந்து. அருகிருந்து பார்ப்பவனையும் மறவாமல் நான்காவதாகச் சேர்த்தார். நாம் மருந்தை முதலில் வைத்தோம், நோயாளியை மறந்தோம். அருகிருந்த நானோ மருத்துவனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நண்பர்களே! கொரோனாவின் வேகம் தணிந்துவிட்டது. மருத்துவச் செய்திகளின் வேகம் தணியவில்லை. இன்றும் நம் கைப்பேசியிலிருந்து ஒரு வரி புறப்பட்டு ஊரிலுள்ள தாயின் மாத்திரைப் பெட்டியைச் சென்று தொடுகிறது. அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேட்போம்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? கணக்கில் விடுபட்டவர் யார்? இதை முன்பே உண்டு வாழ்பவர் என்ன சொல்கிறார்? மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லும் உரிமை நமக்கில்லை. அது நோயாளியை அறிந்த டாக்டருக்கே உரியது.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை கூடி, பேசப்படும் மருத்துவ ஆராய்ச்சி ஒன்றை எடுத்து, நம் தாய்மாருக்கு விளங்கும் தமிழில் விளக்குவோம். முதல் கூட்டத்தைப் பொறுப்பேற்று நடத்த நான் முன்வருகிறேன்.

அம்மா இப்போது நலமாகவே இருக்கிறார். நாள்தோறும் மாத்திரை உண்கிறார். ஆண்டுக்கொரு முறை கண் சோதனைக்கும் தவறாமல் போகிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஏதேனும் ஒரு மருந்தைப் பற்றிக் கேட்கிறார். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா, அதுவரை டாக்டர் சொன்னபடியே சாப்பிடுங்கள்" என்கிறேன். 2020 மே மாதத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.